உடையாத கம்பி

வாகனப் பட்டறைத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், "உங்க சர்வீஸ்ல நீங்க செஞ்ச நல்ல வேலை ஒண்ணைப் பத்தி எழுதுங்க" என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். நல்ல வேலை என்றதும் ஒரு இரும்புக் கம்பிதான் நினைவுக்கு வந்தது. அதைவிடச் சுத்தமாக நான் வேறு எதையும் செய்ததில்லை. அந்தக் கம்பியை மாட்டிய பிறகுதான் ஒரு பெண்ணின் இடது கை போனது. இரண்டையும் சேர்த்து எழுதலாம் என்றால் எழுதுகிறேன் என்றேன். சரி என்றார்கள்.

அம்பத்தூரில் ஐ.டி.ஐ. முடித்து, தொழிற்பேட்டையில் இரண்டு இடங்களில் அப்ரன்டிஸாக இருந்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு பட்டறையில் ஸ்பிரிங் பிட்டராகச் சேர்ந்தேன். லாரிக்கும் வேனுக்கும் பின்னால் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் பட்டைகளைக் கழற்றுவது, உடைந்ததை மாற்றுவது, தளர்ந்ததை மறுபடி வளைத்துக் கட்டுவது, இதுதான் எங்கள் வேலை.

அங்கே ஃபோர்மேன் அருளானந்தம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ராணுவ வண்டிகளைப் பழுதுபார்த்துவிட்டு வந்தவர். முதலாளி முதல் தரை கூட்டுகிறவர் வரை எல்லோரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வண்டிக்காரர்கள் சொல்லும் குறையைப் பொறுமையாகக் கேட்பார். ஆனால் அதை வைத்து ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடமாட்டார். குறை எந்த இடத்தில் தெரிகிறதோ அந்த இடத்தில் போய் உட்காருவார். பின்சக்கரப் பக்கம் சத்தம் வருகிறது என்று ஒரு லாரிக்காரர் சொன்னதற்கு, சிமென்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து திருமழிசை வரை போய்விட்டு, தலைமுதல் கால்வரை சாம்பல் நிறமாகத் திரும்பி வந்தார். வந்தபின் ஒரு சிலேட்டில் வேலையை எழுதுவார். என்ன செய்ய வேண்டும் என்பது மேலே. என்ன செய்யக் கூடாது என்பது கீழே, கோடு போட்டு. அந்தச் சிலேட்டு வேலை முடியும்வரை சுவரில் தொங்கும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வேன் இடதுபக்கம் சாய்ந்து நின்றது. அந்தப் பக்கம் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்து நேராக்கிவிட்டேன். அவர் பார்த்தார். "கழட்டுங்க சார்" என்றார். கழற்றிவிட்டுப் பார்த்தால் பட்டை தாங்கும் பிராக்கெட்டுக்கு மேலே, சேசிஸ் சட்டத்தில் விரிசல். "ஏன் சாயுதுன்னு கேக்காம முட்டு குடுத்துட்டீங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பிறகு பல வருடம் நான் ஒழுங்காக இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் மழை பொய்த்தது. அம்பத்தூர், ஆவடி தெருக்குழாய்களில் காற்றுதான் வந்தது. வயல் கிணறு வைத்திருந்தவர்கள் நெல்லை விட்டுவிட்டுத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார்கள். குத்தம்பாக்கத்து முனுசாமி அப்போதுதான் எங்கள் பட்டறைக்கு வந்தான். அவனுடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர். இவன் டிரைவராகி, ஒரு பழைய பிக்கப் வண்டியைச் சொந்தமாக்கி, அதன் பின்தட்டில் ஒரு இரும்புத் தொட்டியை ஏற்றியிருந்தான். அவன் ஓட்டுவான். மனைவி தனலட்சுமி, எங்களுக்குத் தனம், பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். தெருவில் குழாயைப் பிடித்துக் குடங்களுக்குத் தண்ணீர் விடுவதும், வரிசையில் நடக்கும் சண்டைகளைத் தீர்ப்பதும் அவள்தான்.

முதல் நாள் பேசியதும் அவள்தான். "அண்ணா, வளைவாண்ட வண்டி சாயுது பாரு, உசுரே பூடுது. நானும் 'மெதுவா போய்யா, மெதுவா போய்யா'ன்னு கத்திகினே வரேன். தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு."

முனுசாமி சிரித்தான். "நாலு பட்ட கூட சேத்து வுடு அண்ணாத்தே. இவ வாய் அடங்கும்."

அருளானந்தம் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். பாதி அளவு தண்ணீர் நிரப்பச் சொன்னார். ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி கேபினின் பின்பக்கத் தகட்டில் தொங்கவிட்டு, அது அசையாமல் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு தொட்டிக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் குந்திக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் முனுசாமியை எட்டு போடச் சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் நட்டு கோட்டைவிட்டு நாலு விரல் கடை தள்ளிப் போனது. அதைவிட அவர் கவனித்தது சத்தத்தைத்தான். வண்டி திரும்பி முடித்த பிறகும் உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப்போய் 'தொம்' என்று தொட்டியின் பக்கச் சுவரில் மோதியது. அந்த மோதலில் வண்டி இரண்டாம் முறை சாய்ந்தது.

இறங்கி வந்து சொன்னார்: "முனுசாமி சார், தொட்டியை இறக்கி உள்ளே தடுப்புத் தகடு வைக்கணும். தண்ணி ஒரே பக்கமா ஓடாது. அதுக்கப்புறம் பின்னாடி அச்சுல ஒரு சாய்வுக் கம்பி போட்டுத் தரோம்."

சாய்வுக் கம்பி என்பது இரண்டு முனையும் மடங்கிய ஒரு உருண்டைக் கம்பி. நடுப்பகுதியை அச்சோடு சேர்த்துக் கட்டி, முனைகளை இரண்டு பக்கமும் சேசிஸில் மாட்டுவோம். வண்டி ஒரு பக்கம் சாயப் பார்த்தால் கம்பி முறுக்கிக்கொண்டு தடுக்கும். காரில் பார்த்திருந்தோம். அந்தப் பழைய பிக்கப்புக்குக் கடையில் கிடையாது. நாமே செய்ய வேண்டும்.

"தொட்டிய எறக்கினா நாலு நாளு ஓட்டம் நின்னுபூடும் சார்" என்றான் முனுசாமி. "ஜனம் கொடத்த தூக்கிகினு ரோட்டுல நிக்குது."

அது பொய் இல்லை. ஆனால் அருளானந்தம் சிலேட்டில் எழுதினார். மேலே: 'தடுப்பு முதலில். கம்பி பிறகு.' கீழே, கோடு போட்டு: 'தடுப்பு இல்லாமல் கம்பி கூடாது.'

அடுத்த வாரம் அவர் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போனார். திரும்பி வர இரண்டு வாரம் ஆகும் என்றார். மூன்றாம் நாள் வண்டி மறுபடி வந்து நின்றது.

"கம்பிய மட்டும் போட்டுக் குடுண்ணா. தகட்ட அப்பால வெச்சிக்கலாம்" என்றாள் தனம். "நேத்து ஒரு வளைவுல கதவைத் தொறந்து குதிச்சிடலாமான்னு பாத்தேன்."

நான் சிலேட்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் சரி என்றேன். அவள்மேல் இரக்கம் இருந்தது உண்மை. ஆனால் எனக்குள் இன்னொன்றும் இருந்தது. அந்தக் கம்பியை என் கையால் செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை. பத்து நாளாக அதை மனதுக்குள் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இருந்தால் அவர் செய்வார், நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் இல்லை.

காயலான் கடையில் ஒரு பழைய காரின் டார்ஷன் கம்பி, முறுக்கைத் தாங்குகிற கம்பி, கிடைத்தது. அரத்தை வைத்துத் தேய்த்தேன், அரம் வழுக்கியது. நல்ல எஃகு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் தூவி அரைமணி நேரம் காத்திருந்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளில் கோடு தெரியும். ஒரு கோடும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து அளவெடுத்து, முதலில் கட்டடக் கம்பியில் மாதிரி வளைத்துப் பொருத்திப் பார்த்தேன். அச்சு மேலும் கீழும் போகும்போது எங்கும் உரசவில்லை. மாதிரியைத் தரையில் வைத்து சாக்பீஸால் வரைந்துகொண்டேன்.

அப்புறம் உலை. வளைய வேண்டிய இடம் மட்டும் செர்ரிப்பழச் சிவப்புக்கு வந்ததும் வைஸில் பிடித்த குழாயைச் சுற்றி ஒரே இழுப்பில் வளைத்தேன். தரையில் வரைந்த கோட்டோடு வைத்துப் பார்த்தால் நூலளவும் பிசகவில்லை. மறுபடி காய்ச்சி, கழிவு எஞ்சின் ஆயிலில் இறக்கி, பிறகு மெல்லிய சூட்டில் காட்டி, நிறம் வைக்கோல் மஞ்சளைத் தாண்டி நீலத்துக்கு வரும்வரை பார்த்திருந்து எடுத்தேன். முனைகளை எண்ணெயில் இறக்கும் முன்பே அடித்துத் தட்டையாக்கித் துளை போட்டிருந்தேன்; இப்போது துளையின் ஓரத்தை விரலால் தடவினால் உறுத்தாத அளவுக்குத் தேய்த்தேன். கூர்மையான ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும். கம்பியில் ஒரு இடத்தில்கூட வெல்டிங் வைக்கவில்லை. வெல்டிங் பட்டால் அந்த இடத்தில் எஃகு செத்துவிடும். இரும்போடு இரும்பு உரசாமலிருக்க லாரி டயர் ரப்பரை வெட்டிப் புஷ் செய்தேன். வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கினேன். மேலே சிவப்புச் சாயம் அடித்தேன்.

மைதானத்தில் அதே எட்டு. அதே நூல், அதே நட்டு. ஒரு விரல் கடைக்கு மேல் தள்ளவில்லை.

தனம் இறங்கி வந்தாள். முகமே மாறியிருந்தது. "இன்னாண்ணா இது, ஊட்டுல குந்திகினு கீற மாதிரி கீது!"

அந்தச் சொல்லை நான் பல நாள் மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அருளானந்தம் திரும்பி வருவதற்கு முந்தின நாள் சிலேட்டைத் துடைத்துவிட்டேன். கறுப்புக் கண்ணாடியோடு வந்தவர் வெறும் சிலேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணி இருக்கும். ஒரு ஆட்டோக்காரர் வந்து, வேலப்பன்சாவடியில் தண்ணீர் வண்டி கவிழ்ந்து கிடக்கிறது என்றார். யாருடையது என்று கேட்காமலே சைக்கிளை எடுத்தேன்.

நெடுஞ்சாலையிலிருந்து திருவேற்காட்டுப் பக்கம் திரும்பும் வளைவு. பிக்கப் தலைகீழாகக் கிடந்தது. சாலையெல்லாம் தண்ணீர். அந்த நேரத்திலும் இரண்டு பெண்கள் குடத்தோடு வந்து, தொட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார்கள். தனத்தை ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முனுசாமி நெற்றியில் ரத்தம் காய, சாலையோரத்தில் குந்தியிருந்தான்.

வண்டியின் அடிப்பாகம் முழுவதும் மேலே பார்த்துக் கிடந்தது. நடுவில் என் கம்பி. உடையவில்லை, வளையவில்லை, ஒரு நட்டுகூடத் தளரவில்லை. சிவப்புச் சாயம் வெயிலில் பளபளத்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது.

"எப்பிடிப்பா?" என்றேன்.

"தெர்லண்ணாத்தே. வண்டி சாயவே இல்ல. நல்லாத்தான் திரும்பிச்சு. பாதித் தண்ணிதான் இருந்துச்சு. திடீர்னு உள்ள மோதிச்சு பாரு, அப்பிடியே பொரட்டிப் போட்டுச்சு."

"எவ்ளோ வேகத்துல வந்த?"

அவன் வளைவைத் திரும்பிப் பார்த்தான். "முன்னல்லாம் அந்த வளைவுல ரெண்டாவது கியருக்கு வருவேன்" என்றான். "இப்போ மாத்தறதில்ல."

நான் அங்கேயே புரிந்துகொண்டேன். சாய்வுதான் அவனை மெதுவாக ஓட்டவைத்தது. நான் சாய்வை எடுத்துவிட்டேன், தண்ணீரை எடுக்கவில்லை. அது உள்ளே அப்படியே இருந்தது, அவனுக்குத் தெரியாமல்.

பட்டறைக்குத் திரும்பி, அருளானந்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிலேட்டைத் துடைத்தது உட்பட. திட்டுவார் என்று நின்றேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வெறும் சிலேட்டைப் பாத்த அன்னைக்கே நான் கேட்டிருக்கணும் சார்" என்றார். "கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டி வரும்னு விட்டுட்டேன். அது என் தப்பு." அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்த்தார். பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, உடைந்த பாகம் எதுவும் இல்லை. ஓட்டியவரின் அதிவேகம் என்று எழுதத் தயாரானார். எங்கள் முதலாளிக்கு நிம்மதி. "கம்பி ஒடையலல்ல? நாம வாயத் தொறக்க வேணாம்" என்றார்.

அன்று மாலையே நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனத்தின் இடது கை வண்டிக்கு அடியில் நசுங்கியிருந்தது; முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டுப் போட்ட கை ஒரு தலையணைமேல் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தடுப்பு வைக்காம கம்பி போடக் கூடாதுன்னு எங்க ஃபோர்மேன் எழுதி வெச்சிருந்தாரு தனம்" என்றேன். "நான்தான் மீறிப் போட்டேன்."

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, "நானுந்தான கேட்டேன்" என்றாள். "அத்த போட்டப்பால எனுக்கு பயமே இல்லண்ணா. அந்த வளைவாண்ட நான் தூங்கிகினு கீறேன். முன்ன மாதிரி இருந்தா கத்தியிருப்பேன். அந்த ஆளும் ஆக்சிலேட்டர்ல கீற காலை எடுத்திருப்பான்." கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "கொடம் புடிக்கிற கைண்ணா இது" என்றாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அருளானந்தமும் கூட வந்தார். "நீயா வந்து ஏன்யா மாட்டிக்கிற?" என்று கேட்டார் ஆய்வாளர். ஓட்டியவன்மேல் மட்டும் எழுதினால் அது பாதிதான் சார் என்றேன். அவர் என் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். முனுசாமிமேல் வழக்கு நடந்தது. ஆனால் லைசென்ஸ் தப்பியது. என் தாளால்தானா என்று எனக்குத் தெரியாது. முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார். "அப்போ என் கணக்கையும் முடிச்சிடுங்க சார்" என்றார் அருளானந்தம். இருவரும் தங்கினோம்.

வண்டியைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. தொட்டிக்குள் மூன்று தடுப்புத் தகடு வைத்தோம். என் கம்பியைக் கழற்றினேன். அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது, அருளானந்தம் வாங்கி காயலான் குவியலில் போட்டார். பதிலுக்கு அதைவிட மெலிந்த கம்பி ஒன்றைச் செய்தோம். "தடிப்பு கொஞ்சம் குறைஞ்சாலே விறைப்பு நிறையக் குறையும்" என்றார். "சாயட்டும் சார். கவிழ வேண்டாம், ஆனா சாயறது தெரியணும்."

சோதனை ஓட்டத்துக்குத் தனம் வந்தாள். அவளாகத்தான் வந்தாள். வலது கையால் கதவைப் பிடித்து ஏறி, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். மைதானத்தை இரண்டு முறை சுற்றிவிட்டு இறங்கி, "தெரியுது" என்றாள். அடுத்த நாளிலிருந்து தெருவில் அவளே வரிசையை ஒழுங்குபடுத்தினாள்; குழாயைப் பிடிக்க அவள் தங்கை வந்தாள்.

அதன் பிறகு நிறைய வண்டிகளுக்கு நான் சாய்வுக் கம்பி செய்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் மாட்டியதும், ஓட்டுகிறவரோடு, அவர் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து வருகிறவரையும் வரச்சொல்லுவேன். வளைவில் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று கேட்பேன். ஒன்றும் தெரியவில்லை, சுகமாக இருக்கிறது என்று சொன்னால் கழற்றி மெலிந்த கம்பி போடுவேன். சிலர் சண்டை போட்டிருக்கிறார்கள்.

சில வருடம் கழித்து மழை வந்து, குழாய்களிலும் தண்ணீர் வந்தது. முனுசாமி வண்டியை விற்றுவிட்டு ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தான். வாங்கியவர் சேம்பர் சூளைச் செங்கல் விற்கும் ஒருவர். தொட்டியை இறக்கிவிட்டு, பக்கத் தகடுகளை ஆளுயரத்துக்கு உயர்த்தியிருந்தார். ஒருநாள் எங்களிடம் வந்தார்.

"பின்னால கம்பி ரொம்ப மெலிசா கீதுபா. சாயுது. நல்லா தடியா ஒண்ணு போட்டுக் குடு."

அருளானந்தம் அப்போது ஓய்வு பெற்றுப் போயிருந்தார். நான் அந்த ஆளை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். தனத்தின் கையைப் பற்றிச் சொன்னேன். என் தப்பு எது என்று சொன்னேன். பாரத்தைத் தாழ்வாக ஏற்றுங்கள், வளைவில் கியரை மாற்றுங்கள் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீ சொல்றது வாஸ்தவந்தான் நைனா" என்றார். "ஆனா உனுக்கு முடியலன்னா சொல்லு. நான் வேற எடம் பாத்துக்கறேன்."

முடியாது என்றேன்.

இரண்டு நாள் கழித்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அந்த வண்டி வந்தது. ஆளுயரத்துக்குச் செங்கல். மேலே இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கையைக் காட்டி ஓடினேன்; டிரைவர் கவனிக்கவில்லை. வேகத்தைக் குறைக்காமல் முனையில் திரும்பினார்.

வண்டி சாயவே இல்லை.